உருட்டுக்கல்

மாரமங்கலம்,
14.4.1986

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மழையை, மிளகை எல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். என் தம்பியைப் பற்றி ஒரு வரி இல்லை.

நமக்குக் கல்யாணமான வருஷம் நம் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கல் தட்டியது. நீங்கள் கடப்பாறையால் இடித்தீர்கள். நான் பத்தடி தள்ளி வெறுங்காலில் நின்றேன். பாறையென்றால் அதிர்வு காலுக்கு வரும்.

"அதிருதா புள்ள?"

"இல்லீங்க."

உருட்டுக்கல் என்று புரட்டிவிட்டு இன்னும் ஆழமாகத் தோண்டினீர்கள்.

மெட்ராஸில் ஏழு மாடிக் கட்டடத்துக்கு, நாற்பதடிக் குழியில் கல் தட்டியதும் பாறைதான் என்று எஞ்சினியரிடம் சொன்னது நீங்கள்தானாமே. தூண் கல்லோடு மண்ணில் இறங்கி, தம்பி பொன்னுவேல் மேல் சுவர் விழுந்தது.

அவனுக்குக் குழி வெட்டும்போதும் மூன்றடியில் கல் தட்டியது. "உருட்டுக்கல்லுங்க, அடியில மண்ணிருக்கு" என்று புரட்டிவிட்டுத் தோண்டினார்கள். பிணத்துக்குக் காட்டிய பொறுமை அது.

சேர்வராயன் கோயில் நோம்பிக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வர வேண்டாம்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா