பாடாத நேரத்தில் உன் குரல்

இன்று காலை குசினியில் கொத்தமல்லி இலை நறுக்கும்போது அந்த வாசம் எழுந்தது. கத்தியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். செயின்ட்-மிஷேல் பகுதியில் நீ மேல்வீட்டிலும் நான் கீழ்வீட்டிலும் இருந்த நாட்களில், இந்த வாசம் படியேறினால் நீ இறங்கி வந்துவிடுவாய். "இது லிமாவில என்ர அம்மாவின்ர குசினி," என்பாய், பாதி பிரெஞ்சும் பாதி என்னிடம் கற்ற தமிழுமாக.

பெருவின் கரையோரத் தாளத்தை ஜாஸோடு கலந்து நீ சொந்தமாகப் பாட்டுக் கட்டுவாய். ஒரு மரப்பெட்டியின் மேல் அமர்ந்து, அதையே கையால் தட்டியபடி பாடுவாய். டவுன்டவுன் பார் ஒன்றில் முதல்முறை கேட்டபோது ஒரு சொல்லும் விளங்காமலே அழுதேன்.

"ஏன் அழுதனி?" என்று கேட்டாய்.

"தெரியாது."

"எனக்கும் தெரியாமத்தான் பாட்டு வருது."

உன் மகள் தவழத் தொடங்கியபோது உன் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பலாம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் குசினிக்கு வந்தாய்.

"குரல் போனா நான் ஆர்?"

என் மடியில் இருந்த பிள்ளையைக் காட்டினேன். "இவளுக்கு அம்மா."

அவளை வாங்கித் தோளில் போட்டாய். பிறகு, "ஓம். வெட்டட்டும்," என்றாய்.

அடுத்த கோடையில் மேடையேறினாய். உன் பாட்டை வேறொரு பெண் பாட, நீ பெட்டியைத் தட்டினாய். அவள் ஓர் அடியில் தடுமாறியபோது உன் உதடுகள் சொற்களை எடுத்துக் கொடுத்தன. சத்தமே இல்லை. சபை கைதட்டியது. என்னால் முடியவில்லை.

குரலைக் கொடுத்தும் உயிர் நிற்கவில்லை. நோய் திரும்பி வந்தது. பனி கரையுமுன் போய்விட்டாய்.

நீ கேட்டுக்கொண்டபடி உன் மகள் என்னிடம்தான் வளர்கிறாள். உன் பாட்டுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முந்தாநாள் தலை பின்னிவிடும்போது கேட்டாள்: "சித்தி, பாடாத நேரம் அம்மா எப்பிடிக் கதைக்கிறவ?"

தேடிப் பார்த்தேன். பதிவில் இருப்பதெல்லாம் பாட்டு. நீ சும்மா கதைத்ததை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. குரல் போகப்போகிறது என்று தெரிந்த பிறகும் எங்களுக்கு அது தோன்றவில்லை.

நீ வேலைக்குப் புறப்படும்போது படியிலிருந்து எனக்குச் சொல்வதை, உன்னைப் போலவே நாக்கை உருட்டிச் சொல்லிக் காட்டினேன்: "போயிட்டு வார்ர்ரன்."

அவள் சிரித்தாள். "இன்னொருக்கா."

சொன்னேன். மறுபடியும் கேட்டாள். சொல்லச் சொல்ல அது என் குரலாகிக்கொண்டே வந்தது. என் காதுக்குள் மட்டும் இன்னும் நீ கதைக்கிறாய். அதை அவளுக்கு எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.