உன் மேடத்தின் கையும் என் கையும்

அருமை மகளுக்கு, காய்கறிக் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அப்பாவின் முழங்கால் நலமில்லை, வாய் மிகவும் நலம். போனில் பேசினால் நீ சிரித்தே என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் உன் மேடத்திடம் காட்டித் திருத்திக்கொள்.

ஆமாம், உனக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற அந்த மருந்தாளுநர் மேடம்தான். உன் கடிதத்தில் மேடம் பத்தொன்பது இடத்தில் வருகிறார். நானே எண்ணினேன். அம்மா இரண்டு இடத்தில் வருகிறாள், அதில் ஒருத்தி நோயாளிக் குழந்தையின் அம்மா. அந்த மேடம் நல்லவங்கதான் போல என்று உன் அப்பா வேறு இழுத்தார். அன்றைக்கு அவர் டீயில் சர்க்கரை விழவில்லை.

நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். நீ பயிற்சி பெறும் குழந்தைகள் வார்டில் எடை பார்க்கும் தராசு உடைந்து கிடக்கிறது. அதனால் தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றி, பிறகு தாயை மட்டும் ஏற்றிக் கழிக்கிறீர்கள். அந்தத் தாய் முதலில் தோள்பையோடு ஏறினாள். அடுத்த தடவை பையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். நீ கவனிக்கவில்லை. பையின் எடையும் பிள்ளை கணக்கில் சேர்ந்து, மருந்தின் அளவு கூடிவிட்டது. கொடுப்பதற்கு முன்னால் மேடம் பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, இது இவ்வளவு இருக்காதே, மறுபடி பாரு என்றார். பிள்ளை தப்பியது. உன் மேடத்தைக் கடவுள் நன்றாக வைக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஆனால் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிறார், என்ன கை அது என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. பூசணியைத் தூக்கி நான் சொன்ன எடை என்றைக்காவது தப்பியிருக்கிறதா? இந்தக் கடையிலேயே வளர்ந்தாய், உனக்கு ஒருநாளும் ஆச்சரியம் வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நான் பூசணியைத் தூக்கியிருக்க வேண்டும்.

அதுகூடப் போகட்டும். மருந்து அறையில் அழுதாய், அவர் தோளில் சாய்த்துக்கொண்டார் என்ற இடம் வந்ததும் எழுந்துபோய் வெங்காயம் பொறுக்கினேன். அது நடந்து மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் போனில், எல்லாம் நல்லா போகுதும்மா என்றுதான் என்னிடம் சொன்னாய்.

பயிற்சி முடிந்த பிறகும் அவரிடமே ஒரு வருடம் இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம், வந்து சேர் என்று ஒரு தாள் எழுதினேன். அதைக் கிழித்து ஒருத்திக்குப் பச்சை மிளகாய் மடித்துக் கொடுத்துவிட்டேன். நான் தப்பாக நிறுத்தால் யாராவது சண்டைக்கு வருவார்கள், அவ்வளவுதான். நீ கொடுப்பது பிள்ளைகளின் வாய்க்குள் போகிறது. உன் தப்பைப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு கை வேண்டும். என் கை அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் இரு. அவரிடமே இருந்து கற்றுக்கொள்.

உன் கையால் மருந்து குடிக்கிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓடி விளையாடட்டும். நீயும் நன்றாக இரு. இன்னொரு தடவை அழுகை வந்தால், கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எனக்குப் போன் போடு. பேசக்கூட வேண்டாம். அவர் தோளில் சாய்ந்துகொண்டே போட்டாலும் சரிதான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற கடைக்காரி