நான்கு முட்டைகளும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் நலம் எப்படி என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். இதில் நீ நடுவில் புகுந்து பேச வழியில்லை பார்.

அண்ணன் எல்லாம் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த பொக்லைனை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டாயாம். ஒரு குருவிக்காகவாம்! "பொம்பளைக்கு எதுக்குடா இந்த வண்டி, அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த வண்டியில் ஏற நீ எத்தனை பேரிடம் முட்டி மோதினாய் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு பறவைக்காகத் தூக்கி எறியலாமா? காண்ட்ராக்டரிடம் மன்னிப்பு எழுதிக் கொடு. நாலு வரி, ஒரு கையெழுத்து, மறந்துவிடுவார்கள். தலை குனிந்தால் கழுத்து ஒடிந்துவிடாது. நானும் கடல் கடந்து வந்து இந்தச் சலவைக்கூடத்தில் தினமும் அதைத்தானே செய்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 13

என்னவருக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை கோபமாக, இன்னொரு தடவை எழுத்துக் கூட்டி. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நடந்ததை என் வாயால் கேளுங்கள். அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தேன். மேற்கு மூலையில், ஜல்லிக்கு நடுவே ஒரு ஆட்காட்டிக் குருவி. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. வெறும் கல்லின் மேல், கல் நிறத்திலேயே நாலு முட்டை. பக்கெட்டை இறக்கினால் பறந்துவிடும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. இரண்டு இறக்கையையும் விரித்துக் கத்திக்கொண்டு, பக்கெட்டின் இரும்புப் பல்லுக்கு நேரே ஓடி வந்தது. என் ஒற்றைச் செருப்பின் கனம்கூட இருக்காது. இருபது டன் இரும்பைப் பார்த்து "நீ நகரு" என்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் நின்றேன். கை தானாகக் குவிந்தது. எந்தச் சாமி முன்னாலும் எனக்கு அப்படிக் குவிந்ததில்லை.

காண்ட்ராக்டர் வந்தார். "முட்டைக்கெல்லாம் லீவு விட முடியுமா? ஏறு வண்டில."

"லீவு வேணாம் சார். இந்த மூலைய மட்டும் நாலு வாரம் விட்டுடுங்க. மத்த பக்கம் தோண்டித் தரேன்."

"நீ சொல்லி நான் கேக்கணுமா?"

"நான் சொல்லல சார், அதுதான் சொல்லுது. நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க."

போனார். அது அவரையும் விரட்டியது. குடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், என் வேலை போனது அந்தச் சிரிப்புக்குத்தான். மறுநாள் நம் மீசைக்கார ஓட்டுநரை ஏற்றினார். அவரும் பார்த்தார், இறங்கிவிட்டார். "எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு சார்" என்றாராம். இப்போது மற்ற பக்கம் தோண்டுகிறார்கள், நான் சொன்ன அதே யோசனைப்படி! நானும் அந்த மூலையைச் சுற்றி நாலு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மன்னிப்பு எழுத மாட்டேன். அது பின்வாங்காததைப் பார்த்துவிட்டு வந்து, நான் மட்டும் எப்படி எழுதுவது?

இப்போது என் கேள்வி. உங்கள் எழுத்து ஏன் நண்டு நடந்த மாதிரி இருக்கிறது? இடது கையால் எழுதினீர்களா? வலது கைக்கு என்ன ஆச்சு? மழுப்பாமல் எழுதுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

உன்னிடம் எதை மறைக்க முடிந்தது! போன மாதம் இஸ்திரி மெஷினில் வலது உள்ளங்கை மாட்டிக்கொண்டது. தோல் வெந்துவிட்டது, விரல் ஐந்தும் இருக்கின்றன, பயப்படாதே. கையைத் தடுக்கும் தகடு கழன்று விழுந்து நாலு மாதம் ஆகிறது. மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்: 'என் கவனக்குறைவால் நேர்ந்தது, மன்னிக்கவும்.' கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் ஊர். நாளைக்கு, நாளைக்கு என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். உனக்குச் சொன்ன புத்தி, எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான்.

உன் கடிதத்தை அறையில் கூட வேலை செய்பவர்களுக்கு உரக்கப் படித்தேன். குடை விழுந்த இடத்தில் சிரித்தார்கள். காலையில் அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் மேசையில் வைத்தேன். "தகடு இல்லன்னு எழுதுங்க சார், போடுறேன்."

"எந்தக் கையால போடுவ?"

"இடது கையால சார். என் பொண்டாட்டிக்கு லெட்டரே எழுதுறேன்."

திரும்பினால் பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். அன்றைக்கு யாரும் மெஷினைத் தொடவில்லை.

என்ன ஆகும் என்று தெரியாது. அண்ணனிடம் பேசிவிட்டேன். "அவ வண்டி ஓட்டுவாண்ணே" என்றேன். போனை வைத்துவிட்டார்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 5

என்னவருக்கு,

உங்கள் கையை நினைத்து அழுதேன். அந்த ஏழு பேரை நினைத்து முகம் கழுவிக்கொண்டேன்.

மூன்று பொரித்துவிட்டன, ஒன்று கூமுட்டை. பொரித்த அன்றே எழுந்து நடந்தன. தாய் முன்னால் போக, தடுமாறிக்கொண்டே பின்னால் போய் மண்மேட்டைத் தாண்டிவிட்டன. ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? நன்றி சொல்ல வேண்டியது நான்தான்.

மூலை காலி, மன்னிப்பு எழுதிவிட்டு வண்டி ஏறலாம் என்று காண்ட்ராக்டர் ஆள் அனுப்பினார். "என் பேனாவும் காலின்னு சொல்லுங்க" என்றேன். திங்கட்கிழமை முதல் கால்வாய் தூர்வாரப் போகிறேன். சேரும்போதே சொல்லிவிட்டேன்: "கரையில எதாவது அடைகாத்துட்டு இருந்தா வண்டிய நிறுத்துவேன்." அங்கே மேலாளராக இருக்கும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எவ்ளோ நேரம்?" என்றார். "அது எழுந்து போற வரைக்கும்." சிரிக்காமல் தலையாட்டினார்.

ஊருக்கு அனுப்பினால் வாருங்கள். இரண்டு பேருக்கும் என் வண்டி சோறு போடும். அனுப்பாவிட்டால், தகடு மாட்டும்வரை அங்கேயே நில்லுங்கள்.

உங்கள் வாயாடி