குடைக்காரன் இருபத்தாறு

கோபக்காரிக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லாரும் சௌக்கியந்தானே? இங்கே ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. கோரைக்குள் தாழைக்கோழி இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது. சாயங்காலத்தில் பேச்சுத்துணைக்குத் தவளைகள் இருக்கின்றன.

இன்று காலை பறவை எண்ணும் வேலை. தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும், உனக்குத் தெரியாததா? நான் பாட்டுக்கு, "கூழைக்கடா பதினொண்ணு, சிறகி நாப்பது" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் கழித்து, "எழுதிட்டியா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், உன் முக்காலிமேல் நோட்டு மூடியபடியே கிடக்கிறது.

பழக்கதோஷம். வேறொன்றுமில்லை.

மறுபடி முதலிலிருந்து எண்ணி, நானே எழுதி, அலுவலகத்துக்கு அனுப்பினேன். மதியம் அதிகாரி போன் செய்தார்.

"மறுபடியும் குடைக்காரன் இருபத்தாறுன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன பேரு?"

நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்த்து நீ வைத்த பெயர். போன தடவை நோட்டில் நீ அப்படி எழுதியதற்குத்தான் அவர் முன்னாலேயே உன்மேல் எரிந்து விழுந்தேன். "இனிமே நீங்களே எழுதிக்குங்க" என்று பென்சிலை வைத்துவிட்டுப் போனாய்.

"எங்க வீட்ல அதுக்கு அதான் சார் பேரு" என்றேன். அடித்துத் திருத்தச் சொன்னார். திருத்தவில்லை.

அடுத்த எண்ணிக்கை பதினைந்தாம் தேதி. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சொல்ல மட்டுமே தெரிந்த
உன் வீட்டுக்காரன்