பெயர் கேட்ட படிவமும் பெயர் கூடாத சட்டமும்

அனுப்புநர்:
பெயர் எழுதத் தடையுள்ள ஒரு குழந்தையின் தாய்,
ரத்தப் பரிசோதனை நிலையப் பணியாளர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசு வழக்கு நடத்தும் துறை, மேல்முறையீட்டுப் பிரிவு.

பொருள்: குறைக்கப்பட்ட தண்டனையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யக் கோருதல், என் மனு இருமுறை திருப்பப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் கீபோர்டு வகுப்பு நடத்துபவர், என் மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவளிடம் பாலியல் குற்றம் புரிந்தார். விசாரணை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. அந்தக் குற்றத்துக்குப் பத்தாண்டுக்குக் கீழே இறங்க எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை என்கிறது சட்டம். அவர் மேல்முறையீடு செய்தார். குற்றம் உண்மைதான் என்று உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் அவருக்கு முதுகுவலியும் வயதான தாயாரும் கலைத்திறமையும் இருப்பதால், ஏற்கெனவே சிறையில் இருந்த மூன்றாண்டே போதும் என்று விட்டுவிட்டது. என் மகளுக்கும் ஒரு தாயார் உண்டு. தீர்ப்பில் அது வரவில்லை.

2. இதை எதிர்த்து அரசுதான் தீர்ப்பிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் உச்ச நீதிமன்றம் போக வேண்டும் என்றார் எங்கள் வழக்கறிஞர். இருபதாம் நாள் தங்களிடம் மனு கொடுத்தேன். 'பாதிக்கப்பட்டவர் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று நீதிமன்றத்திலேயே சொல்லியிருந்தார்கள். இருபத்திரண்டு நாள் கழித்து மனு திரும்பி வந்தது. முன்மேசை எழுத்தர் பொறுமையாகவே விளக்கினார்: “பேரே இல்லாம யாருக்குன்னும்மா பதிவு பண்றது? கம்ப்யூட்டர் ஏத்துக்காது.”

3. அன்றே பெயரை எழுதிக் கொடுத்தேன். முப்பத்தெட்டு நாள் கழித்து அதுவும் திரும்பி வந்துவிட்டது, சிவப்பு மையில் எச்சரிக்கையுடன். அதே எழுத்தர் பதறிப்போனார்: “ஐயையோ, புள்ள பேரை எழுதலாமா? குத்தம்மா அது! உங்க மேலயே கேஸ் ஆயிடும்.” இந்த வழக்கில் சட்டம் துளியும் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

4. என் மகளின் பெயர் எங்கள் குடியிருப்பின் நாற்பது வீட்டுக்கும் தெரியும். அவள் லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுபோகும். “பாவம், அந்தாளும் மூணு வருஷம் கஷ்டப்பட்டுட்டாரு, விட்டுத் தொலைங்களேன்” என்று பக்கத்து வீட்டு அக்கா புத்தி சொல்கிறார். ரகசியம் காப்பது தங்கள் அலுவலகம் மட்டுமே. அதற்கு நன்றி.

5. எழுத்தர் மேல் எனக்குக் கோபமில்லை. பெயரில்லாத ரத்தக் குழாய் வந்தால் நானும் திருப்பி அனுப்புகிறவள்தான். ஆனால் பெயர் சொல்ல விரும்பாதவர்களும் எங்களிடம் வருவார்கள். குழாயில் ஓர் எண்ணை ஒட்டிவிடுவோம். இதுவரை எந்த ரத்தமும் ஆட்சேபித்ததில்லை. வழக்குக்கும் ஓர் எண் இருக்கிறது. இம்முறை அந்தக் கட்டத்தில் அதையே எழுதியிருக்கிறேன்.

6. சென்ற வாரம் தரைத்தளத்தில் வகுப்புப் பலகை மறுபடி தொங்கியது. அன்றிலிருந்து என் மகள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. நேற்று இரண்டு குழந்தைகள் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். வயிறு எரிகிறது, ஐயா. இதைவிட மரியாதையாக எழுத எனக்கு வரவில்லை.

நீதிமன்றத்தில் முன்பின் தெரியாத பெரியவர்கள் நடுவே நின்று, நடந்தது அத்தனையையும் என் மகள் ஒரே பிற்பகலில் சொல்லி முடித்தாள். அவகாசம் கேட்கவில்லை. தங்களுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யுங்கள்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
தேதி: தீர்ப்பிலிருந்து எண்பத்து மூன்றாம் நாள்

இப்படிக்கு,
அவளுடைய அம்மா