கொண்டையூசியைத் திருப்பித் தந்தவள்

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை அலுவலகத்தில் என் எதிர்மேசையில் இருக்கும் மெய் லிங், இன்று மதியம் ஒரு பழைய சீன நாவலைக் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய அக்காவின் பெட்டியில் கிடந்ததாம். திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. அட்டையில், வாளைத் தோளில் சாய்த்தபடி முதுகைக் காட்டி நிற்கும் பெண். எனக்குச் சீன எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவளை அடையாளம் தெரிந்தது. மளிகைக் கடைச் சீன முதலாளியான தவ்க்கேயின் மகளிடம் நீ இரவல் வாங்கி, கண்ணாடித்தாள் உறை போட்டு வைத்திருந்தாயே நான்கு பாகம், அதில் கடைசிப் பாகம்.

நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. இந்த வாசனை உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவைக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், நியாலாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், நம் லயத்து வீடுகளிலேயே சீனப் பள்ளியில் படித்தவள் நீ ஒருத்திதான். உன் அப்பா யாருக்கு லாரி ஓட்டினாரோ அந்தத் தவ்க்கே சேர்த்துவிட்டார். நான் கோலாலம்பூரில் கல்லூரிக்குப் போனேன். நீ அவருடைய கடையிலேயே வேலைக்கு நின்றாய். நான் நீண்ட விடுமுறைக்கு வந்திருந்தபோதுதான் அந்த நாவல் தொலைக்காட்சி நாடகமாக ஓடியது.

மாலை ஆறு மணிக்கு உங்கள் வீட்டில் ஐந்தாறு பெண்கள் கூடிவிடுவார்கள். திரையின் அடியில் மலாய் எழுத்து ஓடும். அந்த வேகத்துக்குப் படிக்க அவர்களால் முடியாது. படிக்கக்கூடிய பிள்ளைகள் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். டிவிக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்து அத்தனை பேர் வசனத்தையும் தமிழில் சொல்வாய். கிழட்டுக் குருவுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு இருமல்.

நாடகம் நாவலின் கால்தூசி பெறாது. பாதிக் கதையை வெட்டியிருந்தார்கள். எல்லா ஊரும் ஒரே தெரு.

"இது பனியா? தலகாணிய பிச்சிக் கொட்டியிருக்கான் லா," என்று பல்லைக் கடித்தாய்.

பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா விடமாட்டார். "பறக்கிறப்ப இடுப்புல கம்பி தெரியுதுடி. ஒன் பொஸ்தகத்துல கம்பி இருக்கா?"

"பொஸ்தகத்துல அவ பறக்கவே மாட்டாக்கா. நடப்பா. மூணு நாளு நடப்பா."

குரு சாகும்போது, தன் மகனைக் கட்டிக்கொள்ளும்படி சொல்லி அந்தப் பெண்ணின் தலையில் வெள்ளிக் கொண்டையூசி ஒன்றைச் செருகும் காட்சி வந்தது. உன் அம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "வளர்த்தாரு, சரி. அதுக்காக எம் மவன கட்டிக்கன்னு கேக்கலாமா? பாவம் லா அந்தப் பொண்ணு."

நீ என் மணிக்கட்டை அழுத்தினாய். மறுநாள் குழாயடியில் சொன்னாய்: "கடைசி நாளு அவ ஊசியத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவா, பாரு. அம்மா அழும். அப்பச் சொல்லிருவேன், மாமா வேணாம்னு."

மாமா என்றால் உன் அம்மாவின் தம்பி. மஸ்ஜித் தானா ஊரில் சைக்கிள் கடை. உன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நீ வயதுக்கு வந்த அன்றே முடிவான பேச்சு. நேராக மறுத்தால் தம்பியை இழிவாகப் பேசியதாக அம்மா எடுத்துக்கொள்வார். கதை வழியாகப் போனால் காது கொடுப்பார் என்று ஆறு வாரம் காத்திருந்தாய்.

கடைசி நாள் வந்தது. திரையில் அவள் சிவப்புப் பட்டு உடுத்திக் குருவின் மகன் முன்னால் மண்டியிட்டாள். பார்க்கிறவர்களுக்குக் கல்யாணம்தான் பிடிக்கும் என்று எங்கோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். உன் வாய் ஒரு நொடி நின்றது. பிறகு அவளுடைய குரலில் சொன்னாய்:

"இந்த ஊசிய நீங்களே வச்சிக்குங்க. உங்கப்பா என்னை வளத்தாரு, வாங்கல. நான் போறேன்."

உன் அம்மாவின் முந்தானை கண்ணுக்குப் போனது.

"போறேன்னுட்டு ஏன்டி மண்டி போடுறா?" என்றார் காளியம்மா அக்கா.

"கும்புட்டுட்டுப் போறாக்கா."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "இல்லத்த, இவ சும்மா சொல்றா. அடியில மலாய்ல 'சயா தெரிமா'ன்னு போட்டிருக்கான். ஏத்துக்கிறேங்கிறா."

"அடி புளுகி!" என்று சிரிப்பு கிளம்பியது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இறக்கிவிட்டு உன்னைப் பார்த்தார். "பாத்தியா? வாளெடுத்து அத்தன பேர வெட்டினவளே பெரியவங்க சொல்லுக்கு மண்டி போட்டுட்டா. நீ எனக்குக் கத சொல்றியா?"

"பொஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்கு," என்றாய், என்னைப் பார்த்து.

"நாடகத்துல இல்லையே," என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

குழாயடிப் பேச்சை மறந்துவிட்டேன் என்று பின்னால் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. கல்லூரிக்காரி நான் இருக்கும் இடத்தில் ஒரு வரி தப்பாகப் போகக் கூடாது என்ற அற்பம்தான் அந்த நேரத்தில் எனக்குள் இருந்தது. உன் கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது. நான் மாப்பிள்ளைக்குச் சந்தனம் நீட்டினேன்.

மஸ்ஜித் தானாவுக்கு ஒருமுறை வந்தேன், நினைவிருக்கும். உங்கள் தெருவில் வேறு தமிழ் வீடு இல்லை. மாமா கெட்டவர் இல்லை, பேசாதவர். நாள் முழுக்க யாரோடு பேசுகிறாய் என்று கேட்டேன். "டிவியோட," என்றாய். நாவல் படிக்கிறாயா என்றேன். "இங்க எனக்குச் சீனப் பொஸ்தகம் யாரு குடுப்பா?" காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த உன்னிடம், "அன்னிக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"விடு லா. நீ சரியாத்தான் படிச்ச."

திட்டியிருக்கலாம் நீ. அந்தக் காப்பியை என்னால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை.

இன்று மெய் லிங்கிடம் கடைசிப் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். அவள் விரலை வைத்து மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பெண் ஊசியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். உன் அப்பா என்னை வளர்த்தார், வாங்கவில்லை என்கிறாள். போகிறாள். மலைக்கணவாய் வரைக்கும் மூன்று நாள் நடை. திரும்பிப் பார்த்தாளா என்று கேட்டேன். அதை எழுதவில்லை என்றாள். பழைய நாடகத்தின் முடிவைப் பார்த்து அவளுடைய அக்கா ஆத்திரத்தில் அழுதாளாம்.

இத்தனை வருடமும் அந்த வசனத்தை நீ அந்த நொடியில் இட்டுக்கட்டியதாக நினைத்திருந்தேன். நீ ஒரு சொல்லும் கூட்டவில்லை. திரை பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது நீ புத்தகத்தை மனதிலிருந்து படித்துக்கொண்டிருந்தாய்.

மெய் லிங் புத்தகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னிடம் ஏற்கெனவே 'சயா தெரிமா' என்ற இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரோ. உன் அம்மாவின் காதுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தவள் நான்.