ஸம்றாவின் நட்சத்திரப் பலகை

மருதமுனை,
13.09.2025

அன்பு மருமகள் ஸம்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உலகத்தில் ஒருவரும் நம்பாத கதையொன்றை எழுதப்போவதாக இத்தால் பிரகடனம் செய்கிறேன். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுப்பாய், அதனால்தான் ஈமெயில்.

உன் தங்கச்சி அப்னாவின் கல்யாண மேடைக்கு நீ டோஹாவிலிருந்து கீறி அனுப்பிய நட்சத்திரங்களை நேற்று என் லேசர் மெஷினில் வெட்டினேன். துண்டுகளுக்கு நிறம் பூசி, பெரிய பலகையில் ஒட்டுவதாகத்தானே பேச்சு? எழுந்த புகையில் கல்முனையே இருண்டு, கோழிகள் கூட்டுக்குள் போய்விட்டன. கடல்மீனெல்லாம் இருமிக்கொண்டு அறுகம்பேக்குக் குடிபெயர்ந்ததாகக் கேள்வி. புகை அடங்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் அடுப்புக்கரி. தொட்டதும் முனைகள் உதிர்ந்தன.

உன் உம்மா வந்து பார்த்தா. "மூத்தவளுக்கு அட்டாளைச்சேனையில டீச்சர் படிப்புக் கிடைச்சிச்சு. வேணாமெண்டுட்டுப் படம் கீறப் போனா. இதான் அந்தப் படமா?" என்றா. "ராத்தா, மெஷினுக்கு ஏசுங்க" என்றேன். கேட்கவில்லை.

வருகிற வெள்ளி கல்யாணம். மிச்சமிருப்பது வெட்டாத பலகை ஒன்றே ஒன்று.

மாமா ஜவுபர்


டோஹா,
14.09.2025

அன்புள்ள மாமா,

வஅலைக்குமுஸ்ஸலாம். மீன்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தனவா?

பிழை மெஷினில் இல்லை, என்னில். ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றிய துண்டுகளையும் கீறி, அதையே பலகை நிறையப் பிரதியெடுத்து அடுக்கினேன். துண்டும் துண்டும் தொடுமிடத்தில் இரண்டின் ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று. நமக்கு அது ஒரு கோடு, மெஷினுக்கு இரண்டு. ஒரே இடத்தை இரண்டு தரம் சுட்டிருக்கிறது.

அச்சாகப் பொருந்தியவற்றைக் கம்பியூட்டரே அழித்துவிட்டது. மயிரிழை விலகியவை அதற்குப் பிடிபடாது. இத்துடன் வரும் ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு கோட்டையும் இழுத்துப் பாருங்கள். அடியில் இன்னொன்று கிடந்தால் இழுத்ததை அழியுங்கள். இடப்பக்கம் நான் முடித்துவிட்டேன். இந்தக் கிழமை முழுக்க எனக்கு ஓவர்டைம். வலப்பக்கம் உங்கள் பொறுப்பு.

லீவு கிடைக்கவில்லை மாமா. கல்யாணத்தில் என் பங்கென்று அந்தப் பலகைதான். உம்மா ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும்.

ஸம்றா


மருதமுனை,
20.09.2025

அன்பு மருமகளே,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் அழித்த கோடுகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் டோஹா வரை வந்து, லீவு தராத உன் மனேஜரின் கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றும். ஓரிடத்தில் உற்சாகம் மிஞ்சி இரண்டு கோட்டையும் அழித்துவிட்டேன். அங்கே இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டிப் பிறந்துவிட்டன. நேற்று மேடையில் அதற்கு முன்னால் மாப்பிள்ளையை உட்காரவைத்து மறைத்தேன். மற்ற ஓரமெல்லாம் கரியில்லாமல் வந்தது.

பலகையைப் பார்க்க வந்த சனம் மாவடிப்பள்ளி வரை வரிசையில் நின்றது. மாப்பிள்ளை, பெண்ணை விட்டுவிட்டுப் பலகையைக் கட்டித் தரச் சொல்லி அடம்பிடித்தார். "ஆரு செஞ்ச?" என்று சனம் கேட்டது. "நான்தான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உன் உம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, "அவன்ட கதைய உடுங்க. அது என்ட மூத்த மகள் கீறின. டோஹாவில அவட வேலையே அதான்" என்றா.

வரிசை பொய். மாப்பிள்ளை அடம்பிடித்ததும் பொய். மீன்களுக்கு இருமலே இல்லை. ராத்தா எழும்பிச் சொன்னது மட்டும் மெய்.

மாமா ஜவுபர்